பன்னிரண்டு மாதச் சம்பளம்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மருமகள் தாரணியின் பிறந்தநாள். மருமகள் என்றால் மகனின் மனைவி அல்ல, என் தங்கை வசந்தியின் மகள். லண்டனிலிருந்து காலையில் ரயிலில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில், ரெடிங்கில் இருக்கிறாள். வாழ்த்துச் சொல்லத் தொலைபேசி எடுத்தேன். பேசியது அவளுடைய இளைய மகன். யார் என்று ஆங்கிலத்தில் கேட்டான். நான் தமிழில் பெயரைச் சொன்னேன். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினான்:

"அம்மா, எண்ணுற தாத்தா!"

எட்டு வயதுப் பிள்ளை தானாக இப்படி ஒரு பெயரைக் கண்டுபிடிக்காது. வீட்டில் பெரியவர்கள் கதைத்திருக்க வேண்டும். தாரணியா, அவளுடைய கணவனா என்பதுதான் தெரியவில்லை. கணவனாகத்தான் இருக்கும். போன முறை அங்கே போனபோது தேநீரோடு தின்ன மேசையில் றோல்ஸ் வைத்தார்கள். ஆட்கள் ஆறு பேர், றோல்ஸ் பதினொன்று. யாருக்கு ஒன்று குறையப்போகிறது என்று கேட்டேன். அதில் என்ன பிழை? அவன் சமையலறைக்குள் போய்ச் சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் எண்ணுகிறவன்தான். கொழும்பில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் சம்பளப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்தேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்து, ஒரு வைத்தியசாலையின் சம்பளப் பகுதியில் ஓய்வு பெறும்வரை இருந்தேன். பிறருடைய சம்பளத்தைப் பார்த்தே என் ஆயுள் போனது. என் மகன் லீட்ஸில் இருக்கிறான். தொலைபேசியில் இரண்டு கேள்வி கேட்டால், "டாட், ஓடிட் பண்ணுறீங்களா?" என்பான், நான் கணக்காய்வு செய்கிறேனாம். மகள் மெல்பேர்னில். அவள் அப்படிக்கூடக் கேட்பதில்லை, குறுஞ்செய்தி மட்டும்தான். வீட்டில் நான் ஒருவன்தான்.

தாரணியின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் எனக்கு அவளுடைய முப்பதாவது பிறந்தநாள்தான் ஞாபகம் வரும். அந்த நாளுக்கு முன்னர் அவளுடைய விண்ணப்பம் போயாக வேண்டியிருந்தது.

2

கொழும்பில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போகிற விசா இப்போது இல்லை. அதை மூடி நெடுங்காலம் ஆகிறது. இந்தக் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு எந்த முகவரிடமும் போகாதீர்கள்.

அந்த நாளில் பிரித்தானியாவில் திறமையுள்ளவர்களுக்குப் புள்ளி போட்டு விசா கொடுத்தார்கள். படிப்புக்குப் புள்ளி, ஆங்கிலத்துக்குப் புள்ளி, வயதுக்குப் புள்ளி, சம்பாத்தியத்துக்குப் புள்ளி. எல்லாம் கூட்டி ஓர் எல்லையைத் தொட்டால்தான் விசா. வேலை தருகிற கொம்பனி ஒன்று லண்டனில் வேண்டும் என்றில்லை. முப்பது வயதுக்குக் கீழே இருந்தால் வயதுக்கு நல்ல புள்ளி. முப்பது ஆனவுடன் அது இறங்கிவிடும்.

சம்பாத்தியத்தில்தான் எனக்கு முதலாவது சந்தேகம். தாரணி கொழும்பில் வாங்குகிற சம்பளத்தைப் பவுணாக்கினால் லண்டனில் அது ஒரு கடைப் பையனுக்கும் காணாது. அதனால் அந்த அரசாங்கம் நாடுகளைத் தரம் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஓர் எண் வைத்திருந்தது. இலங்கையில் உழைத்த பணத்தை அந்த எண்ணால் பெருக்க வேண்டும். ஒரு லட்சம் ரூபா அப்படியே பல லட்சமாகிவிடும். அந்த எண் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுத மாட்டேன். யாராவது அதை வைத்து ஒரு தொழில் தொடங்குவார்கள்.

இருபத்தைந்து வருடமாக என் சம்பளத்தில் வரி வெட்டிய அரசாங்கம், என் மருமகளின் சம்பளத்தைச் சும்மா பெருக்கித் தருகிறது என்றால் நம்ப முடிகிறதா? நான் நம்பவில்லை. விதிப் புத்தகத்தை நூலகத்தில் அச்செடுத்து இரண்டு தரம் படித்தேன். உண்மைதான். ஆனால் பெருக்கினால் பிழையும் பெருகும். அதை யார் அந்தப் பிள்ளைக்குச் சொல்வது?

தாரணி ஒரு மென்பொருள் கொம்பனியில் வேலை செய்தாள். தகப்பன் இல்லை. தாயும் மகளும் கொட்டாஞ்சேனையில், மாடியில் ஒரே ஓர் அறையுள்ள சின்ன வீட்டில் இருந்தார்கள். விண்ணப்ப வேலையை வெள்ளவத்தையில் ஒரு முகவரிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். நான் உடனே பயணச்சீட்டு எடுத்தேன்.

3

யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் சிப்பாய்கள் இன்னும் மறித்து நிறுத்தினார்கள். ஆனால் முகங்களில் அவசரம் குறைந்திருந்தது.

கொட்டாஞ்சேனை வீட்டில் பையை இறக்க முன்னரே வசந்தி சொன்னாள்:

"அண்ணை, மேல் அறை ஒழுகுது. நீங்கள் வெள்ளவத்தையில லொட்ஜில நிண்டால் வசதி."

நான் மேலே பார்த்தேன். வானத்தில் மேகமே இல்லை.

"மழை இல்லையே?"

"வரும்."

என்னை வீட்டில் வைத்திருக்க விருப்பமில்லை என்று விளங்கியது. ஏன் என்பதுதான் விளங்கவில்லை. அங்கே ஏதோ நடக்கிறது, நான் பார்க்கக் கூடாது. வசந்திக்கு மகளை அனுப்ப மனமில்லை, அதனால் விண்ணப்பத்தை இழுத்தடிக்கிறாள், நான் பக்கத்தில் இருந்தால் அது நடக்காது என்று கணக்குப் போட்டேன். "என்ன அவசரம், ஆறுதலாச் செய்யட்டும்" என்று அவள் தொலைபேசியில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். முப்பதாவது பிறந்தநாளுக்கு நான்கு கிழமை, இருபத்தெட்டு நாள்தான் இருக்கும்போது ஆறுதலாகச் செய்யச் சொல்கிற தாயை எப்படி எடுத்துக்கொள்வது?

வெள்ளவத்தை லொட்ஜில் கடவுச்சீட்டின் பிரதியை மூன்று தரம் கேட்டார்கள். ஒன்று பொலிஸ் பதிவுக்கு, ஒன்று முதலாளிக்கு. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "அது சும்மா, ஐயா" என்றார் மனேஜர். சும்மா யாரும் பிரதி எடுப்பதில்லை.

முகவரின் அலுவலகம் காலி வீதியில், ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்தது. பெயர் நேசன். சுவரில் சான்றிதழ்கள் தொங்கின. எண்ணினேன், ஏழு. அதில் ஒன்று நீச்சலுக்கு.

"வாங்கோ அங்கிள். தாரணி மிஸ்ஸின்ர கேஸ் கிளியர். ஒண்டும் யோசிக்காதேங்கோ."

"கணக்கைக் காட்டுங்கோ."

"எங்கட கணக்கு பிழைக்கிறேல்லை அங்கிள்."

"பிழைக்காத கணக்கைக் காட்டுறதில என்ன நட்டம்?"

காட்டினார். கடைசியாக முடிந்த மே மாதத்திலிருந்து பின்னோக்கிப் பன்னிரண்டு மாதம் எடுத்திருந்தார். விதி இதுதான்: விண்ணப்பத்துக்கு முந்திய பதினைந்து மாதங்களுக்குள் தொடர்ச்சியாக ஒரு வருடம் எடுக்கலாம். சம்பளச் சீட்டில் உள்ள தொகை வங்கிக் கூற்றிலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சாட்சி சொல்ல வேண்டும். நேசனின் மொத்தத்தில் சம்பளம் இருந்தது, புத்தாண்டு போனஸ் இருந்தது. அவற்றுக்குக் கீழே "பகுதிநேர வருமானம்" என்று இன்னொரு வரி.

"இது என்ன?"

"மிஸ்ஸின்ர எக்கவுண்டில மாதா மாதம் காசு விழுகுது. சம்பளம் இல்லை, காஷ் டிபொசிட். அதையும் எடுத்தால்தான் அடுத்த படிக்குப் புள்ளி காணும்."

"என்ன வேலைக்கு அந்தக் காசு?"

"அதுக்கு ஒரு கொம்பனிக் கடிதம் எடுக்கலாம் அங்கிள். எங்களுக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு."

நான் கடதாசிகளைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். பொய்க் கடிதம் பிடிபட்டால் அந்தப் பிள்ளை பல வருடம் அந்த நாட்டுப் பக்கமே போக முடியாது. வந்து போகக்கூட விட மாட்டார்கள்.

4

தாரணி வேலை முடிந்து வெள்ளவத்தைக்கு வந்தாள். ஒரு சைவக் கடையில் வடையும் பிளேன்டீயும் வைத்துக்கொண்டு இருந்தோம். வங்கிக் கூற்றை விரித்தேன். ஒவ்வொரு மாதமும் முதற் கிழமையில், கொட்டாஞ்சேனைக் கிளையில், யாரோ காசாகக் கட்டியிருந்தார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் ஒரு மாதமும் தவறவில்லை.

"இது ஆர் கட்டுறது, பிள்ளை?"

"அம்மா."

"அம்மாவுக்கு எங்கால?"

"தைக்கிறா, மாமா. பிளவுஸ் தைச்ச காசு. உன்ர பேரில கிடக்கட்டும் எண்டு போடுறவ."

"நீ பார்த்தனியோ?"

"எதை?"

"அவள் தைக்கிறதை."

தாரணி வடையைக் கீழே வைத்தாள். "மாமா, நான் காலமை ஏழு மணிக்குப் போய் ராத்திரி ஏழு மணிக்கு வாறன். அம்மா தைக்கிறாவா எண்டு பார்க்கிறதுக்கு லீவு எடுக்கிறதோ?"

"நேசன் அதை உன்ர வருமானம் எண்டு போட்டிருக்கிறான்."

"தெரியும். அவர் சொன்னவர், வீட்டுக் காசுதானே, எல்லாரும் செய்யிறதுதான் எண்டு." பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "அது பிழையோ, மாமா?"

எல்லாரும் செய்கிறதுதான். எங்கள் ஆட்களுக்கு விசா என்றால் முதலில் நினைவுக்கு வருவது காசு காட்டுவது. படிக்கப் போகிற பிள்ளையின் கணக்கில் சித்தப்பா ஒரு லட்சம் போடுவார், பக்கத்து வீட்டார் இரண்டு லட்சம் போடுவார், அலுவல் முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொள்வார்கள். யாரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை. கல்யாண வீட்டுக்குக் கதிரை இரவல் கொடுப்பதுபோல ஓர் உதவி. ஆனால் இந்த விசாவுக்குக் கேட்டது எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று அல்ல, எவ்வளவு உழைத்தாய் என்று.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வசந்தி கடைக்குப் போயிருந்தாள், பக்கத்து வீட்டில் திறப்பு இருந்தது, வாங்கிப் பூட்டைத் திறந்தேன். தையல் மெஷினைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு பூத்துணி, அதன்மேல் ஒரு சாடி, சாடிக்குப் பக்கத்தில் தொலைக்காட்சியின் ரிமோட். துணியைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி இல்லை. நூல் இல்லை. சக்கரத்தைச் சுற்றினேன், அழுதது. அதற்கு எண்ணெய் விட்டுப் பல வருடம் இருக்கும்.

பூத்துணியை இருந்தபடியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். கணவன் இல்லாத பெண், வேலை இல்லை, தைப்பதும் இல்லை. மாதா மாதம் காசு கட்டுகிறாள், மகளுக்குப் பொய் சொல்கிறாள். யார் கொடுக்கிறார்கள்? எதற்கு? அந்த நாட்களில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத காசு இருந்தால், அதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் முகவர்களாக இருக்க மாட்டார்கள்.

5

அன்று பின்னேரம் பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பினேன். கொள்ளுப்பிட்டிக்கு முன்னர் நிறுத்தினார்கள். ஓர் இளம் சிப்பாய் ஏறி வந்தான். என் மடியில் இருந்த கோப்பைக் காட்டி, "மே மொனவத?" என்று கேட்டான். என்ன இது என்று. எனக்குச் சிங்களம் வரும், ஆனால் அந்த நேரம் வரவில்லை. "பேங்க்" என்றேன். கோப்பைத் திறந்து வங்கிக் கூற்றில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தான். காசு கட்டிய ஒரு வரியில் விரல் நின்றது.

அவன் கொட்டாவி விட்டான். கோப்பை மூடித் தந்துவிட்டு அடுத்த சீற்றுக்குப் போனான்.

பஸ் புறப்பட்டதும், அவன் விரல் நின்ற வரியைத் திரும்பப் பார்த்தேன். அந்தத் தொகை எனக்குத் தெரிந்த தொகை. அதற்கு மேலே உள்ளதைப் பார்த்தேன். அதுவும் தெரிந்தது. இந்த மாதம் கொஞ்சம் கூட, அடுத்த மாதம் குறைவு, பிறகு மெல்ல ஏற்றம். தைக்கிறவளின் காசு இப்படிப் போகாது. தீபாவளி மாதம் ஏறும், மற்ற மாதம் விழும். வாடகை என்றால் அசையாது. பவுணை ரூபாவாக்கினால்தான் ஒரு தொகை இப்படி அசையும். அதுவும் எந்தப் பவுண்? நான் ஒவ்வொரு மாதமும் வசந்தியின் சீனி வருத்தத்துக்கும் கண்ணுக்கும் என்று அனுப்புகிற ஐம்பது பவுண். மாற்று விலை எந்த மாதம் என்ன என்பது எனக்கு மனப்பாடம். ஒரு ரூபாவும் குறையாமல், நான் அனுப்பி இரண்டு மூன்று நாளில், மகளின் கணக்கில் ஏறியிருந்தது.

என் லண்டன் காசு கொட்டாஞ்சேனைக்கு வந்து, தாரணியின் கொழும்பு உழைப்பாகி, நேசனின் மேசையில் பல மடங்காகப் பெருகி நின்றது.

வெள்ளவத்தையில் இறங்கவில்லை. அதாவது இறங்கினேன், ஆனால் வீதியைக் கடந்து எதிர்ப் பக்கத்தில் பஸ் ஏறினேன்.

வசந்தி அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். சுளகை விட்டுத் தலை நிமிரவில்லை.

"மெஷின் துணியைத் தூக்கினது நீங்கள்தானே? பூ தலைகீழாக் கிடக்குது."

"ஐம்பது பவுண் எங்கே, வசந்தி?"

"எனக்குத் தந்த காசு எண்டால் எனக்குத்தானே? நான் எங்க வைச்சால் உங்களுக்கென்ன?"

"மருந்துக்குத் தந்தது."

"கிளினிக்கில சும்மா தாறாங்கள். விடிய வெள்ளண்ணப் போய் நம்பர் எடுத்தால் மத்தியானத்துக்குள்ள வந்திடலாம். அதுக்கு ஏன் காசைக் கரியாக்குவான்?"

"கண்ணுக்கு?"

"அரிசியில கல்லுத் தெரியுது." ஒரு கல்லை எடுத்து எனக்குக் காட்டினாள். "பார்த்தியளோ?"

"ஏன் அவளின்ர கணக்கில போட்டனி?"

"விசாவுக்குக் கணக்குத் தடிப்பா இருக்கவேணும் எண்டு எல்லாரும் சொல்லுறவை. என்னட்ட வேற என்ன கிடக்குது போடுறதுக்கு?"

"நீ அவளை அனுப்ப மனமில்லாமல் இழுத்தடிக்கிறாய் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"மனமில்லைத்தான். மனமில்லாட்டி அனுப்பக்கூடாதோ?"

வாசலில் தாரணி நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. செருப்பைக் கழற்றாமல் நின்றாள். தாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்:

"மாமா, அந்த வரியை வெட்டுங்கோ. கடிதமும் வேண்டாம் எண்டு நேசனுக்குச் சொல்லுங்கோ. வராட்டி வராமல் போகட்டும்."

வசந்தி சுளகைப் புடைத்தாள். தேவையில்லாமல் இரண்டு தரம் புடைத்தாள்.

6

வரியை வெட்டினேன். விசாவுக்குப் புள்ளி போதவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவான தொகைதான் குறைந்தது, ஆனால் புள்ளிக்கு அருகில் என்று ஒன்று கிடையாது. பிறந்தநாளுக்கு இரண்டரைக் கிழமை இருந்தது.

லொட்ஜ் அறையின் யன்னலால் கடல் தெரியும் என்று சொல்லித்தான் வாடகை கூட்டியிருந்தார்கள். ரயில் பாதைதான் தெரிந்தது. காலை வெளிச்சத்தில் கட்டில் முழுக்கச் சம்பளச் சீட்டுகளைப் பரப்பினேன். நேசன் தொடாத பழைய மாதங்களின் சீட்டுகளையும் தாரணியிடம் வாங்கி வந்திருந்தேன். நாற்பது வருடம் பிறருடைய சீட்டில் பிழை தேடியவன் நான். அன்று நேர்மையாக ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று தேடினேன். பயணப் படி இருந்தது, நேசன் சேர்த்திருந்தார். உணவுப் படி இருந்தது, அதையும் சேர்த்திருந்தார். மனிதர் களவுக்காரரே தவிரச் சோம்பேறி இல்லை.

பிறகு போனஸ்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பில் கொம்பனிகள் ஒரு மாதச் சம்பளத்தைப் போனஸாகக் கொடுக்கும். உடுப்பு வாங்க, ஊருக்குப் போக, எல்லாருக்கும் அது புத்தாண்டுக்கு முன்னர் கையில் வேண்டும். ஆனால் எந்த நாள் என்று எழுதப்பட்ட சட்டம் இல்லை. முந்திய வருடம் தாரணியின் கொம்பனி கடைசி நேரத்தில், புத்தாண்டுக்கு நான்கு நாள் முன்னர்தான் வங்கியில் போட்டிருந்தது. இந்த முறை தேர்தலும் லீவும் சேர்ந்து வந்ததால் புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்னரே போட்டுவிட்டார்கள்.

நான் கட்டிலில் இருந்து எழுந்து யன்னலடிக்குப் போனேன். ஒரு ரயில் போனது. திரும்பி வந்து மறுபடி பார்த்தேன். முந்திய வருடப் போனஸ் விழுந்த நாளிலிருந்து ஒரு வருடம் எண்ணினால், அது முடிவதற்குள் அடுத்த போனஸும் விழுந்துவிடுகிறது. அந்த வருடத்துக்குள் பன்னிரண்டு சம்பளம், இரண்டு புத்தாண்டு. பதினைந்து மாத எல்லைக்குள்ளும் நிற்கிறது. கடைசி மேயில் முடிய வேண்டும் என்று விதி சொல்லவில்லை, நேசன்தான் பழக்கத்தில் அப்படி எடுத்திருந்தார்.

கூட்டினேன். காணும். சற்று மிஞ்சியும் இருந்தது.

எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இவ்வளவு சுலபமாக வந்தால் எங்கோ பிழை இருக்க வேண்டும். கீழிருந்து மேலே கூட்டினேன். லொட்ஜ் மனேஜரின் கல்குலேட்டரை வாங்கிக் கூட்டினேன். அதே தொகை. மனேஜர் கல்குலேட்டரைத் திருப்பி வாங்கும்போது பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், பற்றரி இருக்கிறதா என்று. அவரும் என்னைப் போல ஓர் ஆள்தான் என்று அப்போது விளங்கியது.

நேசனிடம் போனேன்.

"அங்கிள், இப்பிடி ஒருத்தரும் செய்யிறேல்லை."

"செய்யக்கூடாது எண்டு எங்கே இருக்கு? காட்டுங்கோ."

புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். பிறகு கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"அங்கிள், இதை வேற கிளையண்டுக்கும் செய்யலாமோ? விளங்கப்படுத்துங்கோவன்."

"உங்கட கணக்குத்தான் பிழைக்கிறேல்லையே" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7

பிறகு வங்கி. நான் புதிதாக எடுத்த வருடத்துக்கு, நேசன் தொடாத முந்திய மாதங்களின் கூற்றும் வேண்டும், ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வேண்டும். தாரணி மத்தியான இடைவேளையில் வந்து கேட்டாள். கவுண்டரில் இருந்த பெண், "தவஸ் தெக்கக் யனவா, மிஸ்" என்றாள். இரண்டு நாளாகும். நாங்கள் ஐந்து நாள் போனோம். கடைசியில் கிடைத்தபோது தாரணி பையில் வைக்கப் பார்த்தாள். நான் வாங்கி எண்ணினேன். பக்கம் பதினாறு, முத்திரை பதினைந்து. தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பவும் வரிசையில் நின்றோம். அந்தப் பெண் முத்திரையைக் குத்தும்போது என்னைப் பார்த்துச் சிங்களத்தில், "மாத்தயா ஓடிட்டரா?" என்று கேட்டாள். ஐயா கணக்காய்வாளரா என்று. என் மகனும் அவளும் எங்கேயும் சந்தித்திருக்க முடியாது.

விண்ணப்பக் கட்டணம் ரூபாவில் பெரிய தொகை. நான் பணப்பையை எடுத்தேன். வசந்தி விடவில்லை.

"அவளின்ர கணக்கில கிடக்கிறதை எடுத்துக் கட்டுங்கோ. அது உழைப்பில்லை எண்டுதானே சொன்னனீங்கள். அப்ப செலவழிக்கலாம்."

அப்படித்தான் கட்டினோம். நான் லண்டனில் உழைத்து, வரி கட்டி, மிச்சத்தில் அனுப்பிய ஐம்பது ஐம்பது பவுண்களை அதே அரசாங்கம் கட்டணமாக முழுதாகத் திருப்பி எடுத்துக்கொண்டது. இந்தக் கணக்கில் வென்றது யார் என்று எனக்குத் தெரியும்.

பிறந்தநாளுக்கு மூன்று நாள் முன்னர் விண்ணப்பம் போனது. நான் லண்டனுக்குத் திரும்பிய பிறகு விசா வந்தது. நேசன் மூன்று மாதமாகப் பணம் கேட்டுத் தாரணிக்குத் தொலைபேசி எடுத்தார் என்று கேள்வி. நான் கொடுக்க வேண்டாம் என்றேன். அவள் பாதி கொடுத்துவிட்டாள், என்னிடம் சொல்லாமல்.

தாரணி வந்து என் வீட்டில் ஐந்து மாதம் இருந்தாள். மின்சாரம் அணைத்தாயா, கதவு பூட்டினாயா என்று நான் கேட்பது அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். வேலை ரெடிங்கில் என்று சொல்லிக்கொண்டு போனாள். வேலை உண்மையில் ரெடிங்கில்தான், நான் விசாரித்தேன்.

8

வசந்தி இன்னும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள். தாரணி இரண்டு முறை தாயை இங்கே கூப்பிட்டு ஊரைக் காட்டினாள். இரண்டாம் முறை குளிரில் விரல் விறைத்துப்போய், இனி வரமாட்டேன் என்றாள் வசந்தி. தாரணி மாதா மாதம் அனுப்புகிறாள். நானும் ஐம்பது பவுணை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, தெரியாத ஒன்றை ஏன் தொடங்குவான்.

பிறந்தநாள் அழைப்பு முடிந்ததும் வசந்திக்கு எடுத்தேன்.

"மழையோ அங்கால?"

"ஓம், ரெண்டு நாளாக் கொட்டுது."

"மேல் அறை?"

"ஒழுகேல்லை."

"ஏன் ஒழுகேல்லை?"

"கூரை மாத்திப்போட்டன்."

"எந்தக் காசில?"

"மருந்துக் காசில."

"ஆர் இருக்கிறதுக்கு?"

"ஆரும் வந்தால் இருக்கட்டும்."

"ஆர் வாறது?"

"அண்ணை, டெலிபோனில காசு ஏறுது, வைக்கிறன்."

இது வாட்ஸ்அப், காசு ஏறாது என்று சொல்ல முன்னர் வைத்துவிட்டாள். அவளுக்கும் அது தெரியும்.

யார் வருவார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். தாரணி வீட்டில் நான்கு பேர், அந்த அறையில் நான்கு பேர் படுக்க முடியாது. அவர்கள் கொழும்புக்குப் போனால் நீச்சல் தடாகம் உள்ள இடத்தில்தான் நிற்பார்கள், பிள்ளைகள் கேட்கிறார்களாம். என் மகன் இலங்கைக்குப் போய் எத்தனையோ காலம். மகள் போகவே மாட்டாள். வசந்திக்கு வேறு சகோதரம் இல்லை.

மறுநாள் தாரணி ஒரு படம் அனுப்பியிருந்தாள். அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு எடுத்து அனுப்பியதாம். மேல் அறை. புதுக் கூரை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, யன்னலோரம் ஒரு மேசை, ஒரு கதிரை. மேசையில் ஒரு கல்குலேட்டர். எல்லாவற்றிலும் ஒன்று ஒன்றுதான்.

இன்று காலை நூலகத்தில் இருந்து கொழும்புக்கு விமானக் கட்டணம் பார்த்தேன். போய் வருவதற்கு ஒரு விலை. போவதற்கு மட்டும் என்றால் அதில் பாதிதானே இருக்க வேண்டும்? இல்லை. பாதியைவிட மிகக் கூட. இதில் ஏதோ இருக்கிறது. நாளைக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.